போனஸும் 65 அங்குலமும்



தீபாவளி போனஸ் கைக்கு வரும் வாரம் இது. சென்ற புதன்கிழமை வேத ஆராய்ச்சிக் கூட்டம் முடிந்தபின் நம் சபையின் ஒரு தம்பதியர் எனக்காகக் காத்திருந்தார்கள். கணவர் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் தைக்கிறவர். மனைவி வேறொரு கம்பெனியில் செக்கிங். மகன் பத்தாம் வகுப்பு, மகள் ஏழாம் வகுப்பு. முகங்களைப் பார்த்தபோது வீட்டில் சண்டை என்று புரிந்தது. சண்டைதான், ஆனால் அது தொலைக்காட்சிப் பெட்டியைப் பற்றியது.

“65 இன்ச் வேணும்னு ஒரே பிடிவாதமுங்க பாஸ்டர். வட்டியே இல்லைன்னு கடைக்காரன் சொன்னானாம்” என்றார் அந்தச் சகோதரி. கணவர் தலையைக் குனிந்தபடி, “பிப்ரவரியில உலகக் கோப்பை வருதுங்க” என்றார். மகனுக்கு விளையாட்டு ஆட வேண்டும், அம்மாவுக்குச் சினிமா. ஒரே பெட்டியில் மூன்றும் வேண்டும். ஆனால் 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மேல் 50 சதவீத வரி விதித்தபின், கணவரின் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகிவிட்டது. மகனின் பள்ளிக் கட்டணத்தில் இரண்டாம் தவணை இன்னும் கட்டவில்லை. நான் ஜெபித்து ஒரு பதில் சொல்ல வேண்டும் என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு. நான் கேட்டதோ, “உங்கள் வீட்டில் கட்டிலுக்கும் எதிர்ச் சுவருக்கும் எத்தனை அடி?” என்பது. இருவருக்கும் தெரியவில்லை.

ஒரு போதகர் தொலைக்காட்சி வாங்குவதைப் பற்றி எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நான் ஊழியத்துக்கு வந்த புதிதில், 1990களில், டி.வி.க்கு எதிராகக் கடுமையாகப் பிரசங்கித்தவன். அந்தப் பிரசங்கங்களால் எந்த வீட்டிலிருந்தும் ஒரு டி.வி.யும் வெளியேறவில்லை. போதகர் வீடு சந்திக்க வரும்போது அதன்மேல் ஒரு துணியைப் போர்த்தினார்கள், அவ்வளவுதான். 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் 14 அங்குலப் பெட்டிகள் நம் லைன் வீடுகளுக்குள் வந்தபோது அந்தத் துணியும் போயிற்று. அந்தப் பெட்டியை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, கொடுத்தார்கள், வாங்கினோம். இன்று நாமே தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் கடையின் விளக்கு வெளிச்சமும் மாதத் தவணை அட்டையுமே நமக்காகத் தேர்ந்தெடுக்கின்றன. என் வருத்தம் டி.வி. வாங்குவதைப் பற்றியதன்று, இந்த ஊர்க்காரர்கள் அதை இப்படி வாங்குவதைப் பற்றியது.

ஏனென்றால் நிறம் பார்ப்பதில் உங்களைப்போல் கண் படைத்தவர்கள் உலகத்திலேயே குறைவு. சாயப்பட்டறையிலிருந்து துணி வந்தால் என்ன செய்கிறீர்கள்? ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து “நன்றாயிருக்கிறது” என்று அனுப்பிவிடுவதில்லை. லைட் பாக்ஸுக்குள் அப்ரூவல் துணியையும் புதிய லாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறீர்கள். முதலில் டி65 விளக்கு, பிறகு டி.எல்.84. ஒரு விளக்கில் பொருந்திய ஷேடு மற்றொரு விளக்கில் பிரிந்து நிற்பதை எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்! அரை ஷேடு விலகினாலும் லாட் திரும்பிப் போகிறது. டி65 என்பது ஏறக்குறைய 6,500 கெல்வின் வண்ண வெப்பம் கொண்ட, நண்பகல் வானத்து வெளிச்சத்தை ஒத்த வெண்மை.

இதில் ஓர் ஆச்சரியம் உண்டு. தொலைக்காட்சிக்கும் சினிமாவை வீட்டுத் திரைக்கு ஆயத்தப்படுத்துகிறவர்களுக்கும் வெள்ளை என்பதன் அளவுகோல் அதே டி65தான். நீங்கள் எட்டு மணி நேரம் எந்த வெண்மையின் கீழ் துணியைப் பார்க்கிறீர்களோ, அதே வெண்மையை வைத்துத்தான் படத்தின் ஒவ்வொரு நிறமும் திருத்தப்படுகிறது. ஆனால் கடைச் சுவரில் ஓடும் பெட்டிகள் அந்த வெண்மையில் ஓடுவதில்லை. அவை “விவிட்” என்ற அமைப்பில், வெள்ளை நீலத்தை நோக்கிச் சாய, நிறங்கள் கொதிக்க, முழுப் பிரகாசத்தில் வைக்கப்பட்டிருக்கும். பத்துப் பெட்டிகள் வரிசையாக நிற்கும்போது அதிகப் பிரகாசமானதே நல்லது என்று கண் ஏமாறும். அதிலே ஓடுவதும் கிளி, பழம், நீர்வீழ்ச்சி என்று அதற்கென்றே எடுத்த காட்சிகள். கிளியின் பச்சை எது சரி என்று யாருக்குத் தெரியும்?

ஆகையால் கடையில் ரிமோட்டைக் கேட்டு வாங்குங்கள். படத்தின் அமைப்பை “சினிமா” அல்லது “ஃபிலிம்மேக்கர்” என்பதற்கு மாற்றச் சொல்லுங்கள். முதலில் படம் மஞ்சளாகவும் மங்கலாகவும் தோன்றும். இரண்டு நிமிடம் பொறுங்கள், கண் பழகிவிடும். அதுதான் டி65க்குக் கிட்டிய நிறம். நீங்கள் எடுத்த ஒரு காணொளியைப் பென் டிரைவில் கொண்டுபோய் அதையே ஓடவிடுங்கள். உங்கள் மகளின் பாவாடை நிறம் உங்களுக்குத் தெரியும். அதுவே உங்களுடைய அப்ரூவல் துணி.

அடுத்தது அளவு. இங்கே கடைக்காரரிடம் கேட்க ஒன்றுமில்லை. விடை உங்கள் வீட்டில் இருக்கிறது. படத்தில் மூழ்கிப் பார்க்க, திரை நம் பார்வையில் ஏறக்குறைய 30 பாகை அகலம் நிறைக்க வேண்டும் என்பது துறையில் வழங்கும் ஓர் அளவு. அதைக் கணக்கிட எளிய வழி, திரை அளவை 1.6ஆல் பெருக்குவது. 43 அங்குலத் திரைக்கு ஏறக்குறைய 5¾ அடி; 55க்கு 7¼ அடி; 65க்கு 8¾ அடி. இதைவிடச் சற்று அருகில் உட்கார்ந்தாலும் குற்றமில்லை.

அப்படியானால் எட்டடி தூரத்துக்கு 65ஏ வாங்கலாமே என்று கணவர்கள் சொல்வது என் காதில் விழுகிறது. வாங்கலாம், உள்ளே வரும் படம் அதற்குத் தகுந்ததாயிருந்தால். திரை எத்தனை புள்ளிகள் உடையது என்று எல்லோரும் கேட்கிறார்கள். வரும் படம் எத்தனை புள்ளிகள் உடையது என்று யாரும் கேட்பதில்லை. 4கே திரையில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள் உண்டு. முழு எச்.டி. படத்தில் சுமார் 21 லட்சம். எச்.டி. அல்லாத சாதாரணக் கேபிள் சேனலின் படத்திலோ 720க்கு 576, அதாவது சுமார் 4 லட்சம். ஒரு புள்ளியை 20 புள்ளிகளாக இழுத்துத்தான் திரை அதை நிரப்ப வேண்டும். 30ஆம் நம்பர் நூலுக்குத் துணி வாங்கி மேலே கம்பளி லேபிள் தைத்த கதை. அந்தச் சாதாரணப் படம் கூர்மையாகத் தெரிய, திரையின் உயரத்தைப்போல் ஆறு மடங்கு தள்ளி உட்கார வேண்டும். 65 அங்குலத்துக்கு அது ஏறக்குறைய 16 அடி. நம் லைன் வீடுகளில் அதற்குப் பக்கத்து வீட்டுச் சுவரை இடிக்க வேண்டும்.

எனவே வீட்டுக்கு வரும் இணைப்பு எது என்று முதலில் பாருங்கள். அரசு கேபிளின் சாதாரணப் பெட்டி மட்டும் என்றால், 43 அங்குலத்துக்கு மேல் போகும் ஒவ்வோர் அங்குலமும் படத்தைக் கெடுக்கும். பிராட்பேண்ட் இருந்து, கிரிக்கெட்டையும் சினிமாவையும் ஓ.டி.டி.யில் பார்க்கிற வீடு என்றால் 55 நியாயமானது. பெரிய கூடமும் தெளிவான வருமானமும் உள்ளவர்கள் 65 வாங்கட்டும். அவர்களுக்கு நான் இதை எழுதவில்லை.

இன்னொன்று, நம் ஊர் வீடுகளில் டி.வி.யை ஸ்லாபுக்குக் கீழே, தலைக்கு மேலே மாட்டுகிறோம். பாதிப் பேர் தரையில் உட்கார்ந்து பார்க்கிறோம். விலை குறைந்த பெட்டிகளின் திரை இருவகைப்படும். ஒன்று வி.ஏ.; கறுப்பு நன்றாகக் கறுக்கும், ஆனால் நேரே பார்க்க வேண்டும், கீழிருந்தோ பக்கத்திலிருந்தோ பார்த்தால் நிறம் வெளுக்கும். மற்றது ஐ.பி.எஸ்.; எங்கிருந்து பார்த்தாலும் நிறம் நிற்கும், ஆனால் இருட்டில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். கட்டைப் பலகையில் எது என்று எழுதியிருக்காது. கூச்சப்படாமல் கடையில் குனிந்து, கீழிருந்து பாருங்கள். நான் ஒருமுறை கடையில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். விற்பனைப் பையன் எனக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தான்.

பெயர்களைக் கண்டும் மயங்க வேண்டாம். எல்.இ.டி., க்யூ.எல்.இ.டி., மினி எல்.இ.டி. மூன்றும் பின்னாலிருந்து விளக்குப் போட்ட எல்.சி.டி. திரைகளே. மினி எல்.இ.டி.யில் அந்த விளக்குகள் பல சிறு பகுதிகளாகப் பிரிந்து தனித்தனியே மங்குவதால் கறுப்பு மேம்படுகிறது. பகல் வெளிச்சமுள்ள அறைக்கும் ஏற்றது. ஓ.எல்.இ.டி. வேறு சாதி. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். இருட்டறையில் சினிமா பார்க்க அதற்கு இணையில்லை. ஆனால் காலை முதல் இரவு வரை செய்திச் சேனல் ஓடும் வீட்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். மூலையிலேயே நிற்கும் சேனல் முத்திரையும் கீழே ஒரே இடத்தில் கிடக்கும் செய்திப் பட்டையும் ஆண்டுக்கணக்கில் அந்தத் திரையில் தழும்பாகப் பதியக்கூடும்.

இனி அந்த வீட்டின் மூன்று விருப்பங்கள்.

தகப்பனுக்குக் கிரிக்கெட். “120 ஹெர்ட்ஸ் இல்லாவிட்டால் பந்து தெரியாது” என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். நம் நாட்டு ஒளிபரப்பு நொடிக்கு 50 முறைக்குமேல் படத்தைப் புதுப்பிப்பதில்லை. 60 ஹெர்ட்ஸ் திரைக்கு அது அடங்கும். பந்தின் பின்னால் வால்போல் நிழல் ஓடுகிறதா என்பதே பார்க்க வேண்டியது. அது திரையின் புள்ளிகள் நிறம் மாறும் வேகத்தைப் பொறுத்தது. அட்டையில் எழுதியிருக்கும் “மோஷன் ரேட் 240” போன்ற எண்கள் கம்பெனியின் விளம்பரக் கணக்கு. கடையில் ஓடும் கிளியை நிறுத்திவிட்டு ஒரு மேட்ச்சைப் போடச் சொல்லுங்கள். பச்சை மைதானத்தில் கேமரா பந்தைத் துரத்தும்போது புல் திட்டுத்திட்டாக அழுக்குப்படிந்ததுபோல் தெரிந்தால் பின்விளக்கு சீராக இல்லை என்று பொருள்.

தாய்க்குச் சினிமா. சினிமா நொடிக்கு 24 படங்கள். புதிய பெட்டிகள் இடையில் தாமே படங்களைக் கற்பித்துச் செருகி, எல்லாவற்றையும் வழுக்கலாக்கிவிடுகின்றன. மணிரத்னம் படமும் மாலை நேரச் சீரியலைப்போல் ஆகிவிடும். 2018இல் ஆலிவுட் நடிகர் டாம் குரூஸே இதை அணைத்துவிடும்படி கெஞ்சி ஒரு காணொளி வெளியிட்டார். அமைப்புகளில் மோஷன் என்ற பெயரில் இருக்கும். சினிமாவுக்கு அணையுங்கள், கிரிக்கெட்டுக்கு விருப்பமானால் கொஞ்சம் வையுங்கள். காசு செலவில்லாத திருத்தம்.

மகனுக்கு விளையாட்டு. இங்கேதான் அதிகப் பணம் வீணாகிறது. எச்.டி.எம்.ஐ. 2.1, 120 ஹெர்ட்ஸ், வி.ஆர்.ஆர். ஆகிய இவையெல்லாம் மெய்யாகவே நல்லவை, பிளேஸ்டேஷன் 5 போன்ற கன்சோல் இருந்தால். அது 2021இல் இந்தியாவுக்கு வந்தபோதே விலை 49,990 ரூபாய். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆடுவது கைப்பேசியில். கைப்பேசித் திரையை வயரில்லாமல் டி.வி.யில் காட்டி ஆடினால், விரல் தொட்டதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே ஒரு தாமதம் வரும்; எத்தனை விலையுள்ள டி.வி.யும் அதை முற்றாகப் போக்காது. கன்சோல் இல்லாத வீட்டில் கன்சோலுக்கான டி.வி.க்குப் பணம் கட்டாதீர்கள். பின்னாளில் ஒரு கன்சோல் வந்தாலும், பெரும்பாலான பெட்டிகளிலும் இருக்கும் “கேம் மோட்” போட்டால் தாமதம் பெருமளவு குறையும்.

ஒலி, ஸ்மார்ட் வசதி இவற்றுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெல்லிய பெட்டிகளின் ஒலிபெருக்கிகள் எல்லாம் சுமாரே. செயலிகள் நாளடைவில் மெதுவாகும். அப்போது சில ஆயிரத்துக்கு ஒரு ஸ்டிக் வாங்கிச் செருகலாம். திரையை அப்படி மாற்ற முடியாது. பணம் திரைக்குப் போகட்டும். பந்து பட்டு உடைந்த திரைக்கு வாரண்டி கிடையாது என்பதைப் பிள்ளைகளுக்கு மாட்டும் அன்றே சொல்லிவிடுங்கள்.

இப்போது பணம். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.களுக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது உண்மை. ஆனால் பத்து சதவீதம் வரி குறைந்தால் விலை பத்து சதவீதம் குறையாது. 128 ரூபாய்ப் பொருள் 118 ஆகிறது; அது எட்டு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. 32 அங்குலத்துக்கு வரி முன்பே 18தான். அதிலும் வரிக் குறைப்பு என்று பலகை வைத்திருந்தால் அந்தக் கடையில் மற்ற கணக்குகளையும் இரண்டுமுறை பாருங்கள்.

“வட்டியில்லாத் தவணை” என்ற சொல்லை நான் அஞ்சுகிறேன். வட்டியே இல்லாத கடன் என்ற ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு. விலை 60,000, மாதம் 5,000 வீதம் பன்னிரண்டு மாதம், வட்டி இல்லை, பிராசஸிங் கட்டணம் 1,000. ரொக்கமாகக் கொடுத்தால் அதே பெட்டி 55,000 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உங்களுக்குக் கிடைத்த கடன் உண்மையில் 54,000. திருப்பித் தருவது 60,000. மாதாமாதம் அசல் குறைந்துவருவதால், இது ஆண்டுக்கு ஏறக்குறைய 20 சதவீத வட்டிக்குச் சமம். கந்துவட்டிக்காரன் வாசலில் நின்றால் நமக்கு அவமானமாயிருக்கிறது. குளிரூட்டிய கடையில் அதே கடன் ஒரு வாழ்த்து அட்டையோடு வரும்போது கையெழுத்திடுகிறோம். கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “முழுப் பணமும் இப்போதே தந்தால் என்ன விலை?”

நம் ஊரின் பின்னலாடை ஏற்றுமதியில் அமெரிக்காவின் பங்கு பெரிது. அங்கே ஓர் ஆர்டர் நின்றால் இங்கே ஒரு லைனில் மிஷின்கள் நிற்கும் என்பதை இந்த இரண்டு மாதங்களில் கண்டோம். கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்த்த மனிதனின் உவமை நமக்குத் தெரியாததன்று. ஷிப்ட் எத்தனை என்று தெரியாத ஓர் ஆண்டுக்குப் பன்னிரண்டு தவணைகளை வாக்களிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் சொல்வது மிகையான எச்சரிக்கை என்று சில சகோதரர்கள் நினைக்கலாம். அவர்களோடு வாதாட மாட்டேன். ஆனால் தவணை தவறியபின் வசூல்காரரின் தொலைபேசி அழைப்போடு என்னிடம் வந்த குடும்பங்கள் உண்டு. அந்த இரவுகளில் யாரும் டி.வி.யைப் போட்டுப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை சம்பளம் வாங்கிய மாலையில், அளவு நாடாவோடு அந்தத் தம்பதியரின் வீட்டுக்குப் போனேன். கட்டிலிலிருந்து சுவருக்கு ஏழரை அடி. சாதாரணக் கேபிள் பெட்டி. பிராட்பேண்ட் இல்லை, மேட்ச் பார்க்க வேண்டுமென்றால் மகனின் கைப்பேசியிலிருந்து இணையம். கணவர் நாடாவையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப 55 ஆவதுங்க பாஸ்டர்” என்றார். பிராட்பேண்ட் போட்டால் 55 சரிதான் என்று நானும் ஒப்புக்கொண்டேன். அந்த மாதக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கெழுதியபோது அவரே 43 என்றார். மனதில் குறையோடுதான் சொன்னார் என்பதையும் மறைக்கவில்லை.

கடையில் அந்தச் சகோதரியைப் பார்த்திருக்க வேண்டும். ரிமோட்டை வாங்கி “சினிமா” அமைப்புக்கு மாற்றச் சொன்னார். கடந்த கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் மகள் ஆடிய காணொளியைப் பென் டிரைவில் ஓடவிட்டார். பிறகு விற்பனையாளரிடம் ஒரு வெறும் சாம்பல் நிறப் படத்தைத் திரை முழுதும் போடச் சொல்லி, துணி விரிப்பைப் பார்ப்பதுபோல் இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டினார். நான் சொல்லிக்கொடுக்காத வித்தை அது. “கீழ் மூலையில ஒரு பாட்ச் இருக்குதுங்க, இது வேண்டாம், வேற பீஸ் எடுங்க” என்றார். விற்பனையாளருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, அவருடைய கணவருக்கு உடனே தெரிந்தது. இரண்டாவது பெட்டியை ரொக்கத்துக்கு வாங்கினார்கள். திங்கட்கிழமை பள்ளிக் கட்டணமும் கட்டியாயிற்று என்று தகவல் வந்தது. பெட்டியை ஸ்லாபுக்கு அடியில் மாட்டாமல், தரையில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே வரும்படி ஒரு தாழ்ந்த மேசைமேல் வைத்திருக்கிறார்கள். மகன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். 65 அங்குலத்தை வேண்டாம் என்று சொன்னது பாஸ்டர் என்று அவனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்.

இந்தப் போனஸில் வாங்க நினைக்கிற மற்றவர்கள் ஞாயிறு ஆராதனைக்குப்பின் சொல்லுங்கள். அளவு நாடா என் ஸ்கூட்டர் பெட்டியிலேயே இருக்கிறது. கடைக்குப் போவதென்றால் காலை பதினொரு மணிக்குள் போய்விட வேண்டும். அதற்குமேல் தரையில் உட்கார்ந்து பார்க்க இடம் கிடைக்காது.